மார்பைத் திறந்த கைகள்

சென்னையிலிருந்து கூடூர் நோக்கி வடக்கே செல்லும் இருப்புப் பாதையில், பொன்னேரியையும் கும்மிடிப்பூண்டியையும் எளாவூரையும் கடந்து, ஆந்திரத்துத் தடாவை எட்டுவதற்குச் சற்று முன்னால், தமிழ்நாட்டின் கடைசி ரயில் நிலையமாக அமைந்திருப்பது ஆரம்பாக்கம். அவ்வூராருக்கும், சுற்றிலுமுள்ள சிற்றூர்களில் வாழ்பவர்களுக்கும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கும், உள்ளூர் டாக்டரின் கைக்கு அடங்காத வியாதி ஒன்று வந்துவிட்டால் நெடுங்காலமாக ஒரே மார்க்கந்தான்: புறநகர் ரயிலில் ஏறி மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, எதிரே நிற்கும் ஜெனரல் ஆஸ்பத்திரிக்குள் நுழைவது. அங்கிருந்து வியாதியின் தன்மைக்கேற்ப வழி பிரியும். நெஞ்சு நோயாயின், பக்கத்திலேயே உள்ள பூங்கா நிலையத்தில் வேறு ரயில் பிடித்துத் தெற்கே போய்த் தாம்பரம் சானடோரியத்தில் இறங்கச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. புற்றுநோயாயின் அடையாற்றுக்குப் பஸ் ஏறச் சொல்வது பிற்காலத்து வழக்கம். இவ்விரண்டு வழிகளும் வேறு வேறு இடங்களுக்குக் கொண்டு விடுவனவாயினும், வைத்திய சரித்திரத்தில் அவை பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. உடம்பின் வேறோர் அவயவத்தில் பிறந்து நுரையீரலில் வந்து குடியேறிய புற்றுக்கட்டியை அறுத்தெடுக்கும் வித்தை, க்ஷயரோகம் என்னும் பழம்பகைவனோடு போராடிய கைகளாலேயே பழக்கத்துக்கு வந்தது என்பதையும், அந்தப் பழம்பகைவன் இன்றும் நம் நாட்டில் அந்தச் சிகிச்சையின் குறுக்கே நின்று கண்ணை மறைக்கிறான் என்பதையும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், புற்று ஏன் நுரையீரலைத் தேடி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நலம். முழங்காலுக்கு அருகே எலும்பில் ஒரு கட்டி தோன்றியதாகக் கொள்வோம். அக்கட்டியிலிருந்து பிரிந்த அணுக்கள் சில இரத்தத்தில் கலந்தால், அந்த இரத்தம் கால் நாளங்கள் வழியாகப் பெரு நாளத்தை அடைந்து, இருதயத்தின் வலப்பாகத்தில் விழுந்து, அங்கிருந்து நேரே நுரையீரலுக்குள் தள்ளப்படுகிறது. நுரையீரலிலோ மயிரினும் நுண்ணிய நாளங்கள் கோடிக்கணக்கில் விரிந்திருக்கின்றன. மிதந்து வந்த அணுக்கள் முதன்முதலாகத் தடைப்பட்டு நிற்கும் இடம் அதுவே. சிறுநீரகத்துப் புற்றும், தைராய்டுப் புற்றும், மார்பகப் புற்றும் இதே வழியாக வருவன; பெருங்குடலின் இரத்தம் மாத்திரம் முதலில் கல்லீரலுக்குச் சென்று மீள்வதால், அப்புற்று பெரும்பாலும் கல்லீரலில் ஒரு முறை தங்கிய பின்னரே நுரையீரலுக்கு வரும். ஆனால் இரத்தம் பாயும் வழி மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுவதில்லை. இலண்டனில் ஸ்டீபன் பேஜட் என்ற வைத்தியர், மார்பகப் புற்றினால் இறந்த பெண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து 1889ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், விதை எங்கும் விழலாம், பாங்கான நிலத்தில்தான் முளைக்கும் என்ற கருத்தை நிலைநாட்டினார். அக்கருத்து இன்றளவும் ஆராய்ச்சியாளர்களால் கைவிடப்படவில்லை.

இவ்விதம் பரவிய புற்றைக் கத்தியால் தீண்டலாம் என்ற எண்ணமே பல தலைமுறைகளாக விபரீதமாகக் கருதப்பட்டு வந்தது. கட்டியில் கத்தி பட்டால் நோய் உடம்பெங்கும் பரவிவிடும் என்ற அச்சம் நம் கிராமங்களில் இன்றும் வேரூன்றி நிற்கிறது; ‘கரண்ட் வைத்துக்கொள்கிறேன், கத்தி மட்டும் வேண்டாம்’ என்று கதிரியக்கச் சிகிச்சையை ஏற்று ரண சிகிச்சையை மறுப்பவர்கள் எத்தனையோ பேர். பாமர மக்களை இதற்காகக் குறை கூறுவது நியாயமாகாது. படித்த வைத்தியர்களும் நெடுங்காலம், நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்துவிட்டால், நோயாளியின் உறவினரைத் தனியே அழைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் விரும்பியதைச் சமைத்துப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பியவர்களே.

வைத்திய சரித்திரத்தில் 1882ஆம் ஆண்டு ஒரு விசேஷமான ஆண்டு. அவ்வாண்டு மார்ச்சு மாதம் பெர்லினில் ராபர்ட் கோக் க்ஷயரோகத்தின் கிருமியை உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டில் இத்தாலியில் ஃபோர்லனீனி என்பவர், நோயுற்ற நுரையீரலைச் சுற்றிலும் காற்றைச் செலுத்தி அதனைச் சுருங்கி ஓயச் செய்தால் புண் ஆறும் என்ற யோசனையை வெளியிட்டார். அதே ஆண்டில், வைன்லெக்னர் என்ற ரண சிகிச்சை நிபுணர், விலா எலும்பில் வளர்ந்த ஒரு கட்டியை அகற்றும்போது நுரையீரலிலும் அதன் குஞ்சுகள் பதிந்திருக்கக் கண்டு அவற்றையும் சேர்த்து வெட்டியெடுத்தார். அந்த நோயாளி பிழைக்கவில்லை. இரண்டோர் ஆண்டுகளுக்குப் பின் க்ரோன்லைன் என்பவர் ஓர் இளம்பெண்ணுக்கு இவ்விதமே செய்ய, அவள் பல ஆண்டுகள் உயிரோடிருந்தாள். கிருமி, காற்று, கத்தி ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில் தோன்றியது தற்செயலே; ஆயினும் பின்னர் அறுபது எழுபது ஆண்டுகளில் நெஞ்சு வைத்தியம் போன போக்கு முழுவதும் இம்மூன்றின் உறவிலேயே அடங்கியிருக்கிறது.

மார்பைத் திறப்பதில் உள்ள இடர் வயிற்றைத் திறப்பதில் இல்லை. விலா எலும்புகளுக்கிடையே ஒரு துவாரம் விழுந்து வெளிக்காற்று உள்ளே புகுந்த மாத்திரத்தில் நுரையீரல் சுருங்கிப் போகும். நோயாளி மூச்சுத் திணறுவார். 1904ஆம் ஆண்டில் ஸாவர்ப்ரூக் என்ற ஜெர்மானியர், நோயாளியின் தலை மட்டும் வெளியே இருக்க, உடம்பும் தாமும் தம் உதவியாளர்களும் காற்றழுத்தம் குறைந்த ஓர் அறைக்குள் இருந்துகொண்டு மார்பைத் திறந்தார் என்றால், அந்த இடர் எவ்வளவு பெரிதாக இருந்திருக்க வேண்டும்! பிற்காலத்தில் மூச்சுக்குழலினுள் குழாய் செலுத்திக் காற்றை ஊட்டும் முறை வந்தபின் அந்த அறைக்குத் தேவையில்லாமற்போயிற்று. 1949இல் கார்லன்ஸ் என்பவர் அமைத்த இரட்டைக் குழாய், ஒரு பக்கத்து நுரையீரல் மூச்சு விட்டுக்கொண்டிருக்க மற்றதை அசையாமல் நிறுத்தி வைக்கும் வசதியைத் தந்தது. மயக்க மருந்து வைத்தியர்களின் இந்தத் தொண்டு இல்லையேல் நெஞ்சு ரண சிகிச்சை என்ற துறையே இல்லை. ஆயினும் ஆபரேஷன் செய்தவர் பெயர் நிலைப்பதுபோல் அவர்கள் பெயர் நிலைப்பதில்லை.

இனி நம் பிரதேசத்துக்கு வருவோம். அந்நாளைய சென்னை மாகாணத்தில் க்ஷயரோகம் இல்லாத தெரு இல்லை என்று சொல்லும்படி இருந்தது. கிறிஸ்தவ மிஷன்கள் பல கூடி 1912இல் தோற்றுவித்த சானடோரியம் ஒன்று மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் என்ற பெயருடன் வளர்ந்தது. டென்மார்க்கிலிருந்து வந்த ஃப்ரிமோட் மோல்லர் என்ற வைத்தியர் அதனை நீண்ட காலம் நடத்தினார். தாம்பரத்திலோ, 1928ஆம் ஆண்டு ஒரு தமிழர் தாமே முயன்று ஒரு சானடோரியத்தைத் திறந்தார். அவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைச்சாரலில் பல ஆண்டுகள் க்ஷயரோக வைத்தியசாலை நடத்திப் புகழ் பெற்றவர். கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றிருந்தபோது சில காலம் தங்கிச் சிகிச்சை பெற்றது இவருடைய அந்த வைத்தியசாலையில்தான். அயல்நாட்டில் சம்பாதித்த அனுபவத்தை வயது முதிர்ந்த காலத்தில் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்து, அக்காலத்தில் ஊருக்கு வெகுதூரம் புறம்பாயிருந்த காட்டு நிலத்தில், பன்னிரண்டு படுக்கைகளோடு அவர் தொடங்கிய அந்த ஸ்தாபனத்தை 1937இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்றும் அவ்விடத்து ரயில் நிலையம் தாம்பரம் சானடோரியம் என்றே வழங்குகிறது. பெயர்ப் பலகையை நாள்தோறும் பார்த்துச் செல்லும் லட்சோபலட்சம் பிரயாணிகளில் சௌரி முத்துவை அறிந்தவர் மிகச் சிலரே என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

சானடோரியத்தில் நடந்த சிகிச்சை பெரும்பாலும் ஓய்வும் நல்ல உணவும் தூய காற்றுமே. அவற்றால் ஆறாத நோய்க்கு இரண்டு கடுமையான உபாயங்கள் இருந்தன. ஒன்று, ஃபோர்லனீனி சொன்னபடி ஊசி வழியே நெஞ்சறையில் காற்றை ஏற்றி நுரையீரலைச் சுருங்க வைப்பது. அந்தக் காற்று உடம்பில் கரைந்துவிடுமாதலால், சில வாரங்களுக்கொரு முறை நோயாளி மீண்டும் வந்து காற்று ஏற்றிக்கொள்ள வேண்டும். மற்றொன்று, விலா எலும்புகள் பலவற்றை வெட்டி நீக்கி, மார்புச் சுவரையே உள்ளே அமிழச் செய்து, அதன்கீழ் உள்ள புண்ணை அழுத்தி மூடுவது. இச்சிகிச்சை பெற்றவர்களின் தோள் ஒரு பக்கம் தாழ்ந்து முதுகு வளைந்திருக்கும். அந்த உருவத்தோடு மேலும் பல ஆண்டு வாழ்ந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள் நம் முன்னோரில் உண்டு. விலாவை எங்கே வெட்டுவது, இரத்த நாளத்தை எப்படிக் காப்பது, நெஞ்சறையில் சேரும் நீரையும் காற்றையும் எவ்விதம் வெளியேற்றுவது, ரணம் ஆறும் வரையில் நோயாளியை எப்படி இருமச் செய்வது என்ற அறிவெல்லாம் இப்படித்தான் சிறிது சிறிதாகச் சேர்ந்தது.

அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் ஜான் அலெக்ஸாண்டர் என்றொருவர் இருந்தார். முதுகெலும்பில் க்ஷயம் கண்டு நெடுநாள் படுக்கையில் கிடந்த காலத்தில், கிடந்தபடியே, நுரையீரல் க்ஷயத்தின் ரண சிகிச்சையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1925இல் வெளிவந்தது. அதே அலெக்ஸாண்டர், தம் சகா காமரன் ஹெய்ட்டுடன் சேர்ந்து, 1947இல், வேறிடத்திலிருந்து நுரையீரலுக்குப் பரவிய புற்றை அறுத்தெடுத்த 24 நோயாளிகளின் வரலாற்றை வெளியிட்டார். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த அபூர்வ நிகழ்ச்சிகளை ஒரு முறையான சிகிச்சையாக உயர்த்திய முதல் தொகுப்பு அது. க்ஷயத்தால் தாமே வருந்தியவர், க்ஷயத்தை அறுக்கக் கற்றவர், கற்றதைப் புற்றுக்கும் பிரயோகித்தவர் ஆகிய மூவரும் ஒருவரே என்பதைவிட இந்த உறவுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அலெக்ஸாண்டருக்கு முன்பே வழிகாட்டிய ஒரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 1933ஆம் ஆண்டு, மனித நுரையீரலின் ஒரு பக்கம் முழுவதையும் புற்றுக்காக ஒரே முறையில் வெற்றியுடன் எடுத்தவர் என்ற கீர்த்தியை எவார்ட்ஸ் கிரஹாம் செயிண்ட் லூயி நகரில் அடைந்தார். அதே ஆண்டில் பாஸ்டன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்னி, சர்ச்சில் என்ற இருவர், சிறுநீரகத்தில் புற்றும் அது பரவியதால் நுரையீரலில் ஒரு கட்டியும் கொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு, சிறுநீரகத்தையும் நுரையீரலின் ஒரு பாகத்தையும் எடுத்தார்கள். அவள் அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, புற்றினால் அல்லாது இருதய நோயினால் காலமானாள். பரவிய புற்று என்றால் முடிந்த கதை என்று எல்லாரும் எண்ணியிருந்த காலத்தில், அந்த ஒரே ஒரு பெண்ணின் ஆயுள் உலகத்து ரண சிகிச்சையாளர் அனைவருக்கும் தைரியம் ஊட்டியது. ஒருவரின் அனுபவத்தைக் கொண்டு எல்லாருக்கும் விதி வகுப்பது தவறே என்றாலும், அந்தத் தைரியம் பிறவாமல் இருந்திருந்தால் பின்னால் நேர்ந்த நன்மைகளும் நேர்ந்திரா.

தமிழ்நாட்டில் நெஞ்சு ரண சிகிச்சைக்கெனத் தனிப்பிரிவு ஏற்பட்டது வேலூரில். ஐடா ஸ்கடர் அம்மையாரின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், அமெரிக்காவிலிருந்து வந்த ரீவ் பெட்ஸ் என்ற நிபுணர் 1949இல் அதனைத் தொடங்கினார். இந்தியாவிலேயே அத்துறைக்கு அதுவே முதற்பிரிவு. அவரிடம் வந்தவர்களிற் பெரும்பாலோர் க்ஷயரோகிகள். ஸ்ட்ரெப்டோமைஸின் என்ற புதுமருந்தின் காப்பில், நோயுற்ற நுரையீரலைச் சுருக்கி வைப்பதற்குப் பதிலாக அந்தப் பாகத்தையே எடுத்துவிடும் துணிவு அப்போது பிறந்திருந்தது. வேலூரில் பயின்ற இளைஞர்கள் நாட்டின் பல பாகங்களுக்கும் சென்று அந்த வித்தையைப் பரப்பினார்கள்.

ஆனால் விதியின் போக்கைப் பாருங்கள். கத்தி தேர்ச்சியடைந்த வேளையிலேயே க்ஷயத்துக்குக் கத்தி தேவையற்றதாகிக்கொண்டிருந்தது. 1952இல் ஐஸோநியாஸிட் மாத்திரை வந்தது. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசாங்கமும் உலக சுகாதார ஸ்தாபனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடி ஒரு பரிசோதனை நிலையத்தை அமைத்தன. சென்னை நகரத்து ஏழை நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு சாராரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றவரைக் குடிசைகளிலும் ஒண்டுக்குடித்தனங்களிலும் அவரவர் இடத்திலேயே விட்டும், இரு சாராருக்கும் ஒரே மாத்திரைகளைக் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நல்ல உணவில்லை, ஓய்வில்லை, காற்றோட்டமும் இல்லை. எனினும் குணம் ஏறக்குறைய இரு சாராருக்கும் ஒன்றே என்று 1959இல் வெளியான முடிவு உலகத்தையே வியக்கச் செய்தது. சானடோரியங்களின் காலம் அதோடு முடிந்தது என்றே சொல்லலாம். சென்னையில் நடந்த காரியம் உலகத்துக் க்ஷய வைத்தியத்தின் திசையை மாற்றியது என்ற பெருமையை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

க்ஷயத்தினின்று விடுபட்ட அந்தக் கைகளுக்கு வேறு வேலை காத்திருந்தது. அதற்கு வேண்டிய களத்தைச் சென்னையில் அமைத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறிய அவ்வம்மையார், 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். 1935இல் அக்கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் பேசும்போது, புற்றுநோய்க்கென்றே ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்ற தம் ஆசையை வெளியிட்டார். ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1934ஆம் ஆண்டிலேயே பர்னார்டு கதிரியக்க நிலையம் திறக்கப்பட்டிருந்ததால் சிகிச்சை அறவே இல்லாமல் இருந்ததென்று சொல்லலாகாது. ஆனால் இந்நோயாளிகளை மாத்திரமே கருதி, அவர்களைப் பின்தொடர்ந்து ஆண்டுக்கணக்காய்க் கவனிக்கும் ஓர் இல்லம் இல்லை. எப்படியும் இறக்கப் போகிறவர்களுக்காகப் பணம் செலவிடுவானேன் என்ற கேள்வியை அம்மையார் பல இடங்களில் எதிர்கொள்ள நேர்ந்தது. அவர் சளைக்கவில்லை. மாதர் சங்கத்தாரின் துணையோடு வீடு வீடாகச் சென்று நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18ஆம் தேதி, அடையாற்றில், பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. தாம்பரத்திலும் பன்னிரண்டு, அடையாற்றிலும் பன்னிரண்டு! அம்மையாரின் குமாரர் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் தங்கள் வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்தார்கள். அறுவை, கதிர், மருந்து என்ற மூன்றையும் ஒரே கூரையின்கீழ்க் கூட்டி, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் எல்லாத் துறையினரும் கலந்து தீர்மானிக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. நுரையீரலுக்குப் பரவிய புற்றைப் பொறுத்தவரை அந்த வழக்கமே உயிர்நாடி. கத்தி பிடிப்பவர் ஒருவர் தனியே தீர்மானிக்கத்தக்க விஷயமன்று அது.

1968 செப்டம்பரில் முதலமைச்சர் அறிஞர் அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுக்காக நியூயார்க் நகரத்து மெமோரியல் ஆஸ்பத்திரியில் ரண சிகிச்சை பெற்றார் என்பதும், அடுத்த ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி அடையாறு நிலையத்தில் காலமானார் என்பதும் தமிழர் மறவாத செய்திகள். அவர் பெயரால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியும் எழுந்தது. அண்ணா படுத்திருந்த அதே மெமோரியல் ஆஸ்பத்திரியில், அதே காலத்தில், எலும்புப் புற்றுற்ற சிறுவர் சிறுமியர் விஷயத்தில் ஒரு புதிய பிரயத்தனம் நடந்துகொண்டிருந்தது என்பது நம்மவர்க்கு அவ்வளவாகத் தெரியாது. முழங்காலுக்கு அருகே பதின்மூன்று, பதினான்கு வயதில் தோன்றும் அந்தப் புற்றுக்கு அந்நாளில் காலை எடுப்பதொன்றே சிகிச்சை. காலை இழந்தும், ஓரிரு ஆண்டுக்குள் ஐவரில் நால்வர் நுரையீரலில் நோய் பரவி மாண்டார்கள். நேல் மார்ட்டினியும் அவர் சகாக்களும், நுரையீரலில் கட்டி தோன்றியவுடன் மார்பைத் திறந்து எடுத்தார்கள். மீண்டும் தோன்றினால் மீண்டும் திறந்தார்கள். ஒரே பிள்ளைக்கு இருமுறை, மும்முறை, அதற்கும் மேலே. 1971இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, பிழைக்கவே மாட்டார்கள் என்று கைவிடப்பட்டிருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் ஐந்தாண்டைக் கடந்திருந்தார்கள். சில ஆண்டுகளில் சக்தி வாய்ந்த மருந்துகளும் சேர்ந்துகொள்ள, இன்று காலை இழக்காமலே குணமடையும் பிள்ளைகள் பலர். எலும்புப் புற்றில் நுரையீரலை அறுப்பது வீண் என்று இன்று எந்த நாட்டிலும் சொல்வாரில்லை.

ஆபரேஷன் எவ்விதம் நடக்கிறது என்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். நோயாளி ஒருக்களித்துப் படுக்க வைக்கப்படுகிறார். ஐந்தாம் விலா எலும்பின் இடைவெளியில், தோள்பட்டை எலும்பின் கீழாக வளைத்துக் கீறி, இரும்புச் சட்டத்தால் விலாக்களைப் பைய விலக்குகிறார்கள். மயக்க மருந்து வைத்தியர் அந்தப் பக்கத்துக் காற்றை நிறுத்துகிறார். அதுவரை இளஞ்சிவப்பாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த நுரையீரல் சிறுகச் சிறுகச் சுருங்கிக் கருநீலமாய் அடங்குகிறது. பட்டணத்து வாசியின் நுரையீரலில் கரும்புள்ளிகள் நிறைந்திருக்கும். ஆலைப் புகையில் உழன்றவருடையதில் இன்னும் அதிகம். இப்போதுதான் முக்கியமான காரியம். நிபுணர் தம் இரு கை விரல்களுக்கிடையே அந்த ஈரமான தசையைப் பிடித்து, மேலிருந்து கீழாக, மடல் மடலாக, அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்க்கிறார். நனைந்த பஞ்சுக்குள் புதைந்த மிளகைத் தேடுவதுபோல. ஸி.டி. ஸ்கேனில் இரண்டு கட்டிகள் தெரிந்தவருக்கு விரலில் மூன்றாவது அகப்படுவது உண்டு. அகப்பட்ட ஒவ்வொன்றையும், சுற்றிலும் சிறிதளவு நல்ல தசையோடு ஆப்பு வடிவில் வெட்டி, ஓரத்தைத் தைத்தோ கருவியால் ஊசி அடித்தோ மூடுகிறார்கள். இன்றியமையாத இடத்திலன்றி மடல் முழுவதையும் எடுப்பதில்லை. மறுபடியும் வர நேரிடலாமே, அப்போது மூச்சு விட மிச்சம் வேண்டாவா?

ஆபரேஷன் முடிந்த மறுநாள் வார்டில் காண்பது, கட்டிலின் கீழே தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டில். நெஞ்சினின்று வரும் குழாய் அதில் மூழ்கியிருக்கும். நோயாளி மூச்சு இழுக்கும்போது குழாயில் நீர் ஏறும், விடும்போது இறங்கும், இருமினால் குமிழிகள் கிளம்பும். குமிழி நின்றால் நுரையீரலின் ஓட்டை அடைபட்டது என்று பொருள். கையில் மூன்று பந்துகள் கொண்ட பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, அப்பந்துகள் எழும்பும்படி மூச்சை இழுக்கச் சொல்கிறார்கள். வலி பொறுக்காமல் இருமலை அடக்கும் நோயாளியை, தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமும்படி நர்ஸ் வற்புறுத்துகிறார். பெட்ஸின் காலத்துக் க்ஷயரோகி பெற்ற பராமரிப்பும் இதுவே. 1990க்குப் பிறகு, சிறு துவாரங்கள் வழியே காமிராவைச் செலுத்திச் செய்யும் முறை வந்தது. வலி குறைந்தது, ஆனால் விரலால் தடவிப் பார்க்கும் வாய்ப்பும் குறைந்தது. கத்தியே இல்லாமல் கதிரைக் கூர்மையாகக் குவித்துக் கட்டியை அழிக்கும் முறையும் இப்போது போட்டியாக நிற்கிறது.

யாருக்குச் செய்யலாம் என்ற வினா கத்தியைவிடக் கூர்மையானது. முதல் இடத்துப் புற்று அடங்கியிருக்க வேண்டும், நுரையீரல் தவிர வேறெங்கும் பரவியிருக்கலாகாது, கட்டிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட முடிய வேண்டும், எடுத்தபின் வாழப் போதுமான மூச்சு மிஞ்ச வேண்டும் என்ற நியதிகள் 1958இலும் 1965இலும் வெளிவந்த அமெரிக்கக் கட்டுரைகளில் உருவாயின. சிற்சில மாறுதல்களோடு அவையே இன்றும் வழங்குகின்றன. 1997இல் ஐரோப்பா, அமெரிக்கா, கனடா நாடுகளின் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 5,206 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டன. கட்டிகள் முற்றும் எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 36 பேர் ஐந்தாண்டும், 26 பேர் பத்தாண்டும் உயிரோடிருந்தார்கள். இக்கணக்கு பலருக்கு நம்பிக்கை தந்தது. ஆனால் லண்டனைச் சேர்ந்த டாம் டிரெஷர் என்ற நெஞ்சு நிபுணர், தம் துறையையே தாம் கேள்வி கேட்டார்: மெதுவாக வளரும் சில கட்டிகளே உடையவர்களைப் பொறுக்கியெடுத்து அறுத்துவிட்டு, அவர்கள் நெடுநாள் வாழ்ந்தால் அது கத்தியின் பலனா, நோயின் சுபாவமா? இதனை அறிய, பெருங்குடல் புற்று பரவியவர்களைச் சீட்டுப் போட்டு இரு கூறாக்கும் ஒரு பரிசோதனை நடந்தது. சேர இசைந்தவர்கள் மிகச் சிலராயிருந்தபடியால் 93 பேரோடு அது நின்றுவிட்டது. அந்தச் சிறு கூட்டத்தில், அறுவை செய்துகொண்டவர்க்கும் செய்துகொள்ளாதவர்க்கும் ஆயுளில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

தம் கைத்தொழிலின் பயனைத் தாமே ஐயுற்றுச் சோதிக்கும் இந்த மனப்பான்மையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அதே வேளையில், பெருங்குடல் புற்றில் கண்டதை எலும்புப் புற்றுக்கும் பொதுவாக்கி, எல்லாருக்கும் கதவடைப்பது அநியாயமாகும். நோய்க்கு நோய் நீதி வேறு. முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தின் பின் சில பெண்களுக்கு நேரும் புற்று நுரையீரல் முழுவதும் நிழல் நிழலாய்ப் பரவியிருந்தாலும், 1956ஆம் ஆண்டில் கண்டறிந்த மருந்துச் சிகிச்சையால் பெரும்பாலும் பூரணமாய் மறைந்துவிடும். அங்கே கத்திக்கு அநேகமாக வேலையில்லை. தைராய்டுப் புற்றின் பரவலிற் பல கதிரியக்க அயோடினுக்கு இணங்குவன. இளைஞர்களின் விரைப் புற்றிலோ, மருந்துக்குப் பின் எஞ்சிய கட்டியை எடுத்துச் சோதிப்பது அவசியம். ஆகையால், ‘நுரையீரலுக்குப் போய்விட்டது’ என்ற ஒரே வாக்கியத்தைக் கேட்டு உறவினர் மனமொடிந்து ஊர் திரும்பிவிடுதல் கூடாது. எந்தப் புற்று, எத்தனை கட்டி, எத்தனை மாத இடைவெளியில் தோன்றியது என்ற கேள்விகளை எல்லாத் துறை நிபுணர்களும் கூடிய இடத்தில் ஒரு முறையாவது கேட்டுவிட வேண்டும். ஆரம்பாக்கத்துக் கூலியாளின் மகனுக்கும் அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும்.

பழம்பகைவன் இன்றும் கண்ணை மறைக்கிறான் என்று தொடக்கத்தில் சொன்னேன். மேல்நாட்டில், புற்றுநோயாளியின் நுரையீரலில் ஓர் உருண்டை நிழல் தெரிந்தால் அது பரவிய புற்று என்றே எண்ண இடமுண்டு. நம் நாட்டில் அது ஆறிப்போன க்ஷயத்தின் தழும்பாக இருக்கலாம். ஆறாத க்ஷயமே கட்டியாகத் திரண்டு நிற்கலாம். கல்தூசியிலோ வார்ப்படச்சாலை மணலிலோ உழைத்தவர்க்கு அந்தத் தூசு உண்டாக்கிய முடிச்சாகவும் இருக்கலாம். பெட் ஸ்கேன் என்னும் விலையுயர்ந்த படமும் க்ஷயத்தைப் புற்றுப்போல் ஒளிரச் செய்து ஏமாற்றுவதுண்டு. நான்காம் கட்டம் என்று முத்திரை குத்தப்பட்ட ஒருவரின் கட்டியை வெட்டியெடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்க்கையில், புற்றின் சுவடே இன்றி, தயிர்க்கட்டிபோல் வெளுத்த க்ஷயப் பொருளே இருப்பதைக் காணும் அனுபவம் இந்திய நிபுணர்களுக்குப் புதிதன்று. அப்படிப்பட்டவருக்குக் கத்தி செய்த பேருபகாரம், நோயை நீக்கியதைவிட, தவறான பெயரை நீக்கியது. முதல் புற்றுக்கு முழுச் சிகிச்சை பெறும் உரிமை அவருக்கு மீண்டும் கிடைக்கிறது. க்ஷயத்துக்கோ ஆறு மாத மாத்திரை போதும்.

இதற்கு நோயாளியின் வீட்டார் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. அதற்குக் காசு செலவில்லை. பத்தாண்டுக்கு முன் எடுத்த எக்ஸ்ரே படத்தில் அதே இடத்தில் அதே அளவில் அந்த நிழல் இருந்திருக்குமானால், அது புற்றாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு பழைய படம், ஒரு பெரிய ஆபரேஷனையே தவிர்த்துவிடக்கூடும். ஆனால் ஜெனரல் ஆஸ்பத்திரிக்கோ அடையாற்றுக்கோ முதல் முறை போகிறவர்கள் புது ஸ்கேன் படத்தை மாத்திரம் கொண்டுபோகிறார்கள். தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த படமும், சளிக்காக ஆறு மாதம் மாத்திரை தின்ற காலத்துச் சீட்டும் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ கிடக்கின்றன, அல்லது பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது போகி நெருப்பில் போய்விடுகின்றன. அவற்றையும் சேர்த்து ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டுதான் ரயில் ஏற வேண்டும்.